கோல்கீப்பர் வீட்டில் நான் பேசியது

பேசத் தெரிந்தவள் என்று இந்த ஊர் என்னை அறியும். பள்ளி மேடையில் தொடங்கிக் கல்லூரிச் சொற்போர் வரை நான் வென்ற கேடயங்கள் எங்கள் வீட்டு அலமாரியில் நெருக்கியடித்து நிற்கின்றன. இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். பொய்யான அடக்கம் எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இதுவரை நான் ஆற்றியதிலேயே கச்சிதமான உரை, ஒரு வீட்டின் சமையலறை வாசலில் நின்று ஆற்றியது. அதனால் ஒரு பெண்ணின் ஆட்டம் நின்றுபோக இருந்தது.

பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்பேன். அவளிடம் பயிலும் பெண்கள் மிஸ் என்பார்கள். விருத்தாசலத்தில் பெண்களுக்கென்று கால்பந்து அணி இல்லாத நாளில், பையன்களுக்கு ஆள் குறைந்தபோது கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டவள் அவள். யாரும் விரும்பாத இடம் என்பதால் அது அவளுக்குக் கிடைத்தது. பிறகு அதை அவளிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை. விளையாட்டு விடுதி, கல்லூரி அணி, மாநில அணி என்று போனாள். மழை பெய்து ஊறிய ஒரு மைதானத்தில் முழங்கால் திருகிக்கொண்டது. அறுவைக்குப் பின் ஒரு பருவம் ஆடிப் பார்த்தாள். கால் சொன்னபடி கேட்கவில்லை. பயிற்றுநர் தேர்வு எழுதி, உரிமம் பெற்று, ஊருக்கு வந்து சேர்ந்தாள்.

‘ஆடுவதை விட்டவள், காவல் நிற்பதை விடவில்லை’ என்று ஒரு மேடையில் அவளைப் பற்றிச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். உண்மையில் அவளால் ஓரிடத்தில் நிற்கவே முடியாது. கோட்டுக்கு வெளியே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கும் கால் பரபரக்கும்.

பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னாலுள்ள பொட்டல்தான் மைதானம். உடைந்த பியூஸ் கட்டைகளும் பொம்மைத் தலைகளும் ஒவ்வொரு மழைக்கும் மண்ணுக்குள்ளிருந்து மேலே வரும். பயிற்சிக்கு முன் எல்லோரும் வரிசையாகக் குனிந்து சில்லு பொறுக்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். வேடிக்கை பார்க்கப் போன எனக்கும் விலக்கில்லை.

“வாய் மட்டும் வேலை செஞ்சா போதாது. குனிடீ.”

சென்ற ஆண்டு அக்காவின் பெண்கள் அணிக்கு முதல் வெளியூர் ஆட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடலூரில். எல்லா வீடுகளிலும் சம்மதம் கிடைத்துவிட்டது, கோல்கீப்பர் பெண்ணின் வீட்டைத் தவிர. அவள் அத்தா என்று அழைக்கும் அப்பா வளைகுடாவில் வேலை செய்கிறார். முடிவு அம்மாவின் கையில். வேறு கோல்கீப்பர் இல்லை. ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு, ஒரு மாலையில் அந்த வீட்டுக்கு வரப்போவதாக அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். நான்தான் தடுத்தேன்.

“நீ பந்தப் பாருக்கா. பேச்ச எங்கிட்ட வுடு.”

சொற்போரில் எங்களுக்குக் கற்பிக்கும் பாடங்களில் தலையாயது ஒன்று உண்டு: எதிரணி எழுப்பக்கூடிய வாதங்களை அவர்கள் எழுப்பும் முன்பே எடுத்து முறித்துவிட வேண்டும். அக்காவுக்குப் பதிலாக நான் போனேன். அந்த அம்மா என்னை உட்காரச் சொன்னார், நான் சமையலறை வாசலில் நின்றேன். ஊர் என்ன சொல்லும் என்றேன். ஊரின் வாயை அடைத்தேன். கால்சட்டை அணியலாமா என்றேன். அணியலாம் என்று நிறுவினேன். நாளை மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன பதில் என்றேன். அதற்கும் பதில் சொன்னேன். ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெண் சுவரோரம் நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையசைத்ததை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முடித்ததும் அந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார்.

“ஏம்மா, ஊர்ல இதெல்லாமா பேசிக்கிறாங்க?”

“இல்லீங்க, ஒருவேளை பேசினா...”

“ரயிலு எத்தன மணிக்குத் திரும்பும், வூடு வரைக்கும் யாரு கொண்டாந்து வுடுவாங்க, இதக் கேக்கத்தான் நான் காத்திருந்தேன். நீ என்னென்னமோ சொல்றியே. அவுங்க அத்தாவ ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்.”

ரயில் திரும்பும் நேரம் எனக்குத் தெரியாது. அதை நான் தயாரித்திருக்கவில்லை.

தெருவில் இறங்கிய பிறகும் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கடைவீதியை இரண்டு முறை சுற்றினேன். சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றிலும் பிழையில்லை. அதுவே என்னைக் குடைந்தது.

அக்கா திட்டவில்லை. மறுநாள் என்னையும் அந்த வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்தாள்.

“காலைல ஆறு மணி வண்டி. ராத்திரி ஆவறதுக்குள்ள திரும்பிடுவோம். நானே வாசல் வரைக்கும் கொண்டாந்து வுடுறேன். மூணு அம்மாங்க கூட வராங்க.”

“கையில அடி பட்டா?”

அக்கா தன் வலக்கைச் சுண்டுவிரலை நீட்டினாள். அது நடுவில் கோணலாகத் திரும்பியிருக்கும். “படலாங்க. இது அப்படித் திரும்புனதுதான். படாம புடிக்கச் சொல்லித் தரேன். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது.”

“ஊரு?”

“பேசுவாங்க. என்னயும் பேசுனாங்க.”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தாள்.

அந்த அம்மா விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “சரி, கூட்டிட்டுப் போங்க. அவுங்க அத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆனா இந்தப் பொண்ணு வரக் கூடாது. போற வழியெல்லாம் ஊரு என்ன பேசுதுன்னு எம்பொண்ணு காதுல ஓதிக்கிட்டே வரும்.”

அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள்.

அப்படித்தான் ஞாயிறு காலையில் வண்டி புறப்பட, நான் ஜங்ஷனில் நின்றேன். அணியோடு போய் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதாக நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பொட்டலுக்குப் போய்த் தனியாகச் சில்லு பொறுக்கினேன். கைப்பேசியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். செய்தி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் வண்டி வருவதற்கு வெகுமுன்பே நிலையத்துக்குப் போனேன். அந்த அம்மா எனக்கு முன்பே வந்து, நடைமேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். நானும் எதிர்த்திசையில் நடந்தேன். நடுவில் சந்தித்த ஒவ்வொரு முறையும் இருவரும் வேறு பக்கம் பார்த்தோம்.

வண்டி வந்தது. பெண் இறங்கினாள்; இடக்கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

“தோத்துட்டோம்மா. ரெண்டாவது கோலு பெனால்ட்டி. அத யாராலயும் புடிக்க முடியாது!”

அம்மா அக்காவைப் பார்த்தார்.

“வீங்கியிருக்குது. ஐஸ் வச்சேன். எலும்பான்னு எனக்குத் தெரியலீங்க, படம் எடுத்துப் பாக்கணும்” என்றாள் அக்கா. அவளும் நிற்கவில்லை, பையைத் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார். இனி இந்தப் பெண் மைதானத்துக்கு வருவாளா மாட்டாளா என்பது அந்த முகத்துக்குள் எங்கோ இருந்தது. என்னால் படிக்க முடியவில்லை.

“நீ என்னம்மா சொல்ற?”

தோல்வியைப் பற்றி என்னிடம் நான்கு முன்னுரைகள் இருந்தன. காயத்தைப் பற்றி அதற்கும் மேல்.

“எக்ஸ்ரே எடுக்கற எடம் இந்நேரத்துக்குத் தொறந்திருக்கும்ங்க. ஆட்டோ கூப்புடட்டுமா?”

“கூப்புடு” என்றார்.

நான் ஓடினேன்.