கிசூஸே துறையிலிருந்து ஒரு கோரிக்கை

இது நிஜமாக நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் தோழி நகித்தோவுக்குக் கதை கட்ட வராது. சினிமாவுக்குக் கூட்டிப் போனால்கூடப் பாதியில் தூங்கிவிடுவாள். அவள் மட்டும் சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் கிகோஸியும் அதைப் பார்த்தான். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

என்டெபேயில், ஏரிக்கு இறங்கும் சாலையில், மூன்றாம் மாடியில் இருந்தது அவர்கள் அலுவலகம். பிறருடைய இணையதளங்களுக்குக் காவல் இருப்பது அவர்கள் தொழில். ஃபயர்வால் என்கிற மென்பொருள் வாசலில் நிற்கும் காவல்காரன் மாதிரி. கதவைத் தட்டுவது மனிதனா, நாசம் செய்ய வந்த மிஷினா என்று பார்க்கும். சந்தேகம் வந்தால் தடுக்கும். தடுத்த ஒவ்வொன்றையும் லாக் என்கிற பதிவேட்டில் ஒரு வரியாக எழுதி வைக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நகித்தோ உட்கார்ந்து அந்த வரிகளைப் படிக்க வேண்டும். தடுத்தது தவறு என்றால் விடுவிக்க வேண்டும். சரி என்றால் ஒரு டிக். டிக்கோடு அவள் பெயரும் விழும்.

தடுக்கப்பட்டவருக்கு அவர் கேட்ட பக்கம் வராது. 'உங்கள் கோரிக்கை ஏற்கப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரியோடு வேறொரு பக்கம் வரும். முதலில் அது சிவப்பாக இருந்தது. பார்க்கிறவர்கள் பயந்துவிடுகிறார்கள், மாற்று என்றார் மேலாளர். கம்பெனியின் சுவர் பச்சை, தேநீர்க் கோப்பை பச்சை. நகித்தோ இதையும் பச்சையாக்கினாள். ஐந்து நிமிட வேலை. மறந்தும் போனாள்.

அந்த முதல் வெள்ளிக்கிழமை மூவாயிரம் வரிகளுக்கு மேல் சேர்ந்திருந்தன. அதில் ஒன்று அவள் கண்ணை உறுத்தியது.

"டேய், இதப் பாரு. ஒரு வாரமா தினமும் சாயங்காலம் அஞ்சு நாப்பது. ஒரே பக்கம். ஒரு நிமிஷத்துல ஏழு தடவை தட்டுது."

"எந்தப் பக்கம்?"

"ஏரிக் காத்து சொல்ற தளம். கிசூஸே துறை."

கிகோஸி முட்டை சுருட்டிய சப்பாத்தியைக் கடித்தபடியே எட்டிப் பார்த்தான். "மனுஷனா இருந்தா ஒரு நாளாவது லேட்டா வரமாட்டானா, நியாபோ, மேடம்? உன்னையே எடுத்துக்கோ."

"வாயில இருக்கறத முழுங்கிட்டுப் பேசு."

மறுநாள் அவள் தங்கையைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவள் உடுத்த வேண்டிய கோமேசி உடை இன்னும் தையல்காரரிடம் கிடந்தது. எல்லா வரிகளையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். ஒரே டிக். பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் காற்று கிளம்பியது. விருந்துப் பந்தல் கம்பத்தோடு பெயர்ந்து பறந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா கம்பத்தைக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நகித்தோதான்.

திங்கட்கிழமை வானொலியில் சொன்னார்கள். கிசூஸேயிலிருந்து முகேனே மீன் பிடிக்கப் போன படகுகள் சனிக்கிழமை இரவு கவிழ்ந்துவிட்டன. ஒரே ஒரு படகு திரும்பியது. "ஐயோ பாவம்" என்றாள். ஊர்ப் பெயர் எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை. வெளியே மழை. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். கிகோஸி கீழே சாப்பாடு வாங்கப் போயிருந்தான். நகித்தோ லாக்கைத் திறந்தாள்.

அதே வரி. ஐந்து நாற்பது. ஏழு தடவை. கிசூஸே.

இந்தத் தடவை அந்தப் பெயரைப் பார்த்ததும் வானொலியில் கேட்டது நினைவுக்கு வந்தது.

வரியை உற்றுப் பார்த்தாள். அந்தத் தளத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் உண்டு. ஞாயிறன்று தட்டியவர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் கேட்கவில்லை. திங்களன்று திங்கட்கிழமைப் பக்கத்தையும் கேட்கவில்லை. வாரம் முழுக்க ஒரே பக்கம்தான்...

போன சனிக்கிழமைப் பக்கம்.

மிஷின் இல்லை இது, என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ ஒருவர். யாரோ ஒருவர் வாசலில் நின்று தட்டுகிறார். நான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன்.

சுவர்க் கடிகாரம் ஐந்து முப்பத்தொன்பது. அவசர அவசரமாகத் தடையை நீக்கினாள். இப்போது தடைப் பட்டியலில் தட்டியவரின் முகவரி இல்லை. இரண்டு முறை பார்த்தாள். இல்லவே இல்லை.

ஐந்து நாற்பது.

புது வரி விழுந்தது. தடுக்கப்பட்டது.

மறுபடி தேடினாள். பட்டியலில் இல்லை. ஆனாலும், தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது.

ஏழோடு நிற்கவில்லை. எட்டு... ஒன்பது...

மின்சாரம் போனது.

விளக்குகள் அணைந்தன. மூலையில் இணையப் பெட்டியின் சின்ன விளக்குகளும் அணைந்தன. மடிக்கணினி மட்டும் பேட்டரியில் ஒளிர்ந்தது. இணையம் இல்லை. இனி எதுவும் வர முடியாது. மூச்சு விட்டாள்.

ஒரு வரி விழுந்தது.

இன்னொன்று.

எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். டொக்... டொக்... ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு வரி. அறை முழுக்க ஈர வலை நாற்றம்.

அப்போதுதான் வரிகளின் ஓரத்தில் டிக் போடும் கட்டத்தைப் பார்த்தாள். அதை அவள் கையால்தான் நிரப்ப வேண்டும். அவள் எதையும் தொடவில்லை.

வருகிற ஒவ்வொரு வரியும் டிக்கோடு வந்தது.

தடுத்தது சரி — நகித்தோ.

தடுத்தது சரி — நகித்தோ.

சரி — நகித்தோ.

நகித்தோ.

தோளில் ஒரு கை. அலறினாள்.

"ஏய், நான்தான்!" கிகோஸி. அவன் பார்வை திரையில் நின்றது. பிறகு அணைந்து கிடந்த இணையப் பெட்டிக்குப் போனது. மறுபடி திரைக்கு வந்தது. சாப்பாட்டுப் பொட்டலம் கையிலிருந்து நழுவியது.

"யாரு... யாரு டிக் போடறது?"

அவள் கணினியை மூடினாள். சொட்டும் சத்தம் நின்றது.

மறுநாள் காலையில் இருவரும் மோட்டார் சைக்கிள் பிடித்து கிசூஸேக்குப் போனார்கள். துறையில் ஒரு கம்பம். அதன் உச்சியில் பச்சைத் துணி ஒன்று இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாக அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கடை. மீன் பிடிக்கும் விளக்குகளுக்கு பேட்டரி சார்ஜ் போட்டு வாடகைக்கு விடும் கடை. நடத்தியவள் அபிசாகி. தினமும் ஐந்து நாற்பதுக்குப் போனில் ஏரிக் காற்றுத் தளத்தைப் பார்த்து, அது காட்டும் நிறத்திலேயே கம்பத்தில் துணி ஏற்றுவதும் அவள்தான். பச்சை என்றால் படகு போகலாம். சிவப்பு என்றால் கரையிலேயே இரு. இப்போது கடை பூட்டியிருந்தது. வாசலில் மூட்டை முடிச்சோடு அவள் உட்கார்ந்திருந்தாள். சுற்றி ஆண்கள் நின்றார்கள்.

"அன்னைக்கு அந்தக் காத்துத் தளத்துல சிவப்புன்னுதான் போட்டிருந்தான்," என்றார் துறைத் தலைவர். "பக்கத்துத் துறையில ஒருத்தனும் ஏரியில இறங்கல. படகு போகலேன்னா இவளுக்கு பேட்டரி வாடகை போயிடுமே! அதான் பச்சையக் கட்டிட்டா. நாளைக்குள்ள இவ இந்தக் கரையில இருக்கக் கூடாது."

"பச்சைதான் வந்துச்சு, செபோ, ஐயா." அபிசாகி நிமிரவே இல்லை. "நெட்டு மெதுவா இருந்துச்சு. விடாம அமுக்கினேன். பச்சை வந்துச்சு. சிவப்பப் பாத்துட்டு என் புள்ளைய நானே அனுப்புவேனா?"

நகித்தோ அவள் முன் மண்டியிட்டாள். "அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?"

"இங்கிலீஷ்ல ஒரு வரி. எனக்கு நெறம்தான் தெரியும், பொண்ணே."

ஐந்து நிமிட வேலை.

திரும்பிப் போய்விடலாம். யாருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிள்காரன் சாலையில் காத்திருக்கிறான். நகித்தோ ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தாள் என்று கிகோஸி சொன்னான். பிறகு எழுந்து நின்றாள்.

"இந்தம்மா பொய் சொல்லல. பச்சை வந்தது நெசம். ஆனா அது காத்துப் பக்கம் இல்ல. உள்ள விடமாட்டோம்னு எங்க ஆபீஸ் காட்டுற பக்கம். அதுக்குப் பச்சை அடிச்சது நான். இவங்களத் தடுத்தது சரின்னு டிக் போட்டதும் நான்தான்." அபிசாகியிடம் கை நீட்டினாள். "உங்க போனைக் கொடுங்க, இவங்களுக்குக் காட்டறேன்."

"போனா?" என்றாள் அபிசாகி. "அது ஏது இப்ப? அன்னைக்கு என் புள்ள லுபேகாகிட்ட நான்தான் கொடுத்தனுப்பினேன். ஏரியில ஏதாவதுன்னா கூப்பிடட்டும்னு. அவனும் வரல... அதுவும் வரல."

"ஆனா நேத்து சாயங்காலம்கூட அந்தப் போன்ல இருந்து..." என்று ஆரம்பித்தான் கிகோஸி. நகித்தோ அவன் காலை மிதித்தாள்.

அவன் போனிலேயே காட்டினாள். கிசூஸே பக்கத்தைத் திறந்து விடாமல் அமுக்கினாள். ஏழாவது அமுக்கலில் ஃபயர்வால் அவளையும் மிஷின் என்று தடுத்தது. திரை முழுக்கப் பச்சை.

துறைத் தலைவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் கம்பத்துக்குப் போய்த் தன் கையாலேயே துணியை அவிழ்த்தார். "நீ எங்கயும் போக வேணாம்," என்றார் அபிசாகியிடம். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

அபிசாகி நகித்தோவை மட்டும் பார்த்தாள். "நீ காட்டினே. கட்டினது என் கை," என்றாள். "போ, பொண்ணே. இருட்டறதுக்கு முன்னால போயிடு."

நேரே அலுவலகத்துக்குத்தான் போனார்கள். நகித்தோ அந்தப் பக்கத்தை மறுபடி சிவப்பாக்கினாள். மேலாளரைக் கேட்கவில்லை. இருவரும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

ஐந்து நாற்பது.

ஒரு வரி விழுந்தது. கிசூஸே. போன சனிக்கிழமைப் பக்கம். தடுக்கப்பட்டது.

காத்திருந்தார்கள். இரண்டாவது வரி வரவில்லை. ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. மறுநாளும் இல்லை. அதன் பிறகு ஒருநாளும் இல்லை. சிவப்பைப் பார்த்ததும் யாரோ படகைத் திருப்பிவிட்ட மாதிரி...

"போன்ல சார்ஜ் தீந்திருக்கும்," என்கிறான் கிகோஸி. ஒரு வாரம் ஏரிக்கடியில் கிடந்த போனில்.

முந்தின நாள் வரிகளெல்லாம் அவள் பெயரோடும் டிக்கோடும் வந்தனவே... இந்தக் கடைசி வரி அப்படி வரவில்லை. வெற்றுக் கட்டத்தோடு வந்தது. சரியா தவறா என்று அவளே சொல்ல வேண்டும். மேலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் மற்ற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து முடித்துவிட்டு, அந்த வரிக்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.