பார்லரில் சொன்ன செபம்

என் பேத்தி வெளிநாட்டில் ஒரு பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். காலையில் பிரெஞ்சு, மத்தியானம் இங்கிலீஷ். வீட்டில் பிள்ளையோடு தமிழிலேயே பேசுங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பினாராம். போனில் மகள் சொன்னதும் சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்து வீட்டில் தரைக்கு மெழுகு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்தால் எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும்.

அந்த வயதில் நான் படித்தது இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்கு மேலே பிரெஞ்சுக் கன்னியர் நடத்திய, எந்நேரமும் தரை மெழுகு மணக்கும் மடத்துப் பள்ளியில். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் பிள்ளைகளுக்கென்று கட்டியது. கோயில் சாமியாரின் சிபாரிசில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளை நானும் உள்ளே போனேன். பாடம் இங்கிலீஷில், சாப்பாட்டு மேசையில் பிரெஞ்சு. தமிழுக்குச் செபத்தில் மட்டும் அனுமதி. ரொட்டி கேட்கத் தெரியாமல் முதல் வாரம் பாதிப் பட்டினி கிடந்த கெட்டிக்காரி நான்.

ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்க்கும் அறைக்குப் பார்லர் என்று பெயர். இன்றைய பெண்கள் புருவம் திருத்தும் கடையென்று நினைத்துக்கொள்வார்கள். அங்கே தமிழ் பேசினால் மடத்துத் தலைவியான மதர் மணியடித்துச் சந்திப்பையே முடித்துவிடுவார். அம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. வழக்கமாக என் தலையைத் தடவிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

அன்றைக்கு அவள் உட்காரவே இல்லை. பொகவந்தலாவைக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "பாப்பா..." என்று வாயெடுத்தாள். மதரின் கை மணிக்குப் போயிற்று. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்றே நினைத்தேன்.

அம்மா சட்டென்று மூலையிலிருந்த மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டாள். செபமாலை சொல்லும் ராகத்திலேயே ஆரம்பித்தாள்.

"மாதாவே, இவ அப்பா ஊருக்கே போயிருவோம்ங்கிறாரு. நாளக்கிக் கச்சேரியில பேரு குடுக்கணும். இவளும் வாராளா, அத்த வீட்டோட இருந்து படிக்கிறாளா, கேட்டுச் சொல்லு மாதாவே."

ஊர் என்றால் கடலுக்கு அந்தப் பக்கம், நான் கண்ணால் பார்த்திராத திருச்சிச் சீமை; அரசாங்கக் கச்சேரியில் பேர் கொடுத்தவர்களைக் கப்பலேற்றி அங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாத மதரும் கைகூப்பித் தலைகுனிந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் முழங்காலிட்டேன். போகாதே அம்மா என்று கத்தத்தான் வந்தது. அதை எந்த ராகத்தில் சொல்வது?

"மாதாவே, நா படிக்கிறேன்," என்றேன். "அம்மாவ அழ வேணாம்னு சொல்லு."

அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு "ஆமென்" என்றாள். அவள் பஸ்ஸுக்கு ஓடியதும் மதர் என் கன்னத்தைத் தட்டி, உன் அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று மெச்சினார்.

அந்த மடம் இப்போது ஹோட்டல். கன்னியரும் இல்லை, நான் படித்த பிரெஞ்சும் இல்லை. என் பள்ளி விடுமுறைக்கு முன்பே அம்மாவை ஏற்றிப் போன கப்பலும் ஓடுவதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தன, அம்மா வரவில்லை. அவள் வாயால் நான் கடைசியாகக் கேட்டது அந்த ஆமென்தான்.