பலகையில் எழுதிய மூன்றரை மணி

ரொட்டியில் இருந்தது கத்தி. ரோஸ்விதாவின் கண்கள் மட்டும், கணவன் எகோன் சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்த மலை வரைபடத்தைவிட்டு நகரவில்லை. ஆகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிறுக்கு இன்னும் நான்கே நாட்கள்.

"சனிக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கிளம்புறோம்," என்றான் எகோன், பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே. "ஸ்டைன்போடன் குடிலுக்கு மூன்றரை மணி நேரம். பத்தரைக்கு சூப்பு குடிச்சிட்டு உட்கார்ந்திருப்போம். மறுநாள் நீ குடில்ல இரு, நான் ரெண்டு மணி நேரத்துல சிகரம் ஏறிடுவேன். பதினொரு மணிக்குப் பூசை. இதுக்கு எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"மூன்றரை மணின்னு யாரு சொன்னா?"

"பலகையில போட்டிருக்கே."

"பலகையில போட்டது யாரு?"

எகோன் பென்சிலைக் கூராக்கினான்.

போட்டது அவன்தான். இருபத்தெட்டு வருடம் எங்கள் பள்ளத்தாக்கின் பாதைகளையெல்லாம் பார்த்துக்கொண்டவன் அவன். பாறைகளில் சிவப்பும் வெள்ளையுமாக அடையாளம் தீட்டியதும், மஞ்சள் வழிப்பலகைகளை நட்டதும் அவன் கைதான். ஒவ்வொரு பாதையையும் கடிகாரத்தோடு தானே நடந்து பார்த்துத்தான் நேரத்தை எழுதுவான். மூன்றரை மணி என்று எழுதியபோது அவனுக்கு வயது முப்பத்து நான்கு. மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வரும் வெளியூர்க்காரர்கள், ரோஸ்விதா வேலை பார்க்கும் பாலாடைக்கட்டிக் கடையில் நின்று, "உங்க ஊர்ப் பலகை பொய் சொல்லுது" என்று புலம்புவார்கள். "பலகை பொய் சொல்லாது. உங்க காலைக் கேளுங்க," என்பாள் அவள், பெருமை பொங்க.

இன்று அந்தப் பலகையை நினைத்தாலே அவளுக்குப் பயம். ஏப்ரலில் எகோனின் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இந்தக் கோடையில் மலை ஏறவே கூடாது என்று மருத்துவர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

எப்படிப் போட்டுக்கொள்வான்? பிப்ரவரியில், அதே சிகரத்தின் அடிவாரத்தில், பனிச்சரிவு அவர்களுடைய ஒரே மகனை மூடியது. இருபத்தாறு வயது. அந்தந்த வருடம் மலை கொண்டுபோன எல்லோருக்காகவும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று சிகரச் சிலுவையடியில் பூசை நடக்கும். இறந்தவர்களின் பெயர்களைப் பங்குச்சாமியார் வாசிக்கமாட்டார். அந்தந்த வீட்டு ஆள்தான் சிலுவையில் கை வைத்து, தன் வாயால் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்றால், அந்தப் பெயருக்கு உரிய நேரம் வெறும் மௌனமாகவே கழியும். காற்று மட்டும் வீசும். இந்த வருடம் மூன்று பெயர்கள். அதில் ஒன்று மௌனமாகப் போவதைப் பெற்றவன் தாங்குவானா?

ரோஸ்விதா ஏறலாமே என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு உயரம் ஆகாது என்பது ஊருக்கே தெரியும். மலையேறுபவர்கள் இரவு தங்கும் அந்தக் குடிலுக்கு மேல் அவள் கால் வைத்ததே இல்லை. அங்கிருந்து ஒரு முகடு. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமே இல்லை. பாறையில் அடித்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது அடி நடக்க வேண்டும். "அம்மா நாற்காலி மேல ஏறி பல்பு மாட்டணும்னாலும் கயிறு கட்டணும்," என்று கேலி செய்ய ஒருவன் இருந்தான்.

மறுநாள் நண்பகலில் கடையை மூடிவிட்டு வந்தவள், "வா, மாதா சிற்றாலயம் வரைக்கும் நடந்து பார்ப்போம். உன் பலகையில அரை மணின்னு போட்டிருக்கு," என்றாள்.

"பரீட்சை வைக்கிறியா?"

"ஆமா. தேறினா நான் வாயே திறக்கமாட்டேன்."

"அதுக்காகவாவது தேறணும்!" என்று சிரித்தபடி கிளம்பினான்.

முதல் வளைவில் காலணிக் கயிறு கட்ட நின்றான். இரண்டாவது வளைவிலும் கட்டினான். மூன்றாவது முறை குனிந்தபோது, "உன் காலணிக்கு மொத்தம் எத்தனை கயிறுப்பா?" என்று கேட்டாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. சிற்றாலயம் வந்து சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆனது.

அங்கிருந்த மஞ்சள் பலகையின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எகோன் நின்றான். "இதை நடும்போது ஒரு மூட்டை சிமெண்ட முதுகுல சுமந்துக்கிட்டு வந்தேன் ரோஸ்விதா. அப்பவும் அரை மணிதான் ஆச்சு." சொல்லிவிட்டு, முகத்தைக் கம்பத்தில் புதைத்துக்கொண்டு அழுதான். மகனை அடக்கம் செய்தபோதுகூட அழாத மனிதன்! அவள் அவன் முதுகில் கை வைத்தாள். சட்டைக்கு உள்ளே இதயம் அடிபட்ட பறவைபோல் துடித்தது. ஐயோ, இது இங்கேயே நின்றுவிட்டால்?

வீடு திரும்பியதும் குடிலை நடத்தும் ஹெட்விக்கைத் தொலைபேசியில் அழைத்தாள். இருவரும் பள்ளித் தோழிகள்.

"அடி ரோஸி, படுக்கை எல்லாம் நிரம்பிடுச்சு. ஆனா உங்களுக்கு என் அறை இருக்கு. நான் அடுப்படியில படுத்துக்குவேன்."

"படுக்கைய விடுடி. இவர் அங்க வந்து சேரணுமே! உன் சாமான் தூக்குற கம்பிவட வண்டில..."

"அதுல உருளைக்கிழங்குதான் வரலாம், புருஷன் வரக்கூடாது. சட்டம்! என் லைசென்சு போயிடும். உங்க கடை ஜீப்பு பால் எடுக்க மேய்ச்சல் கொட்டகை வரைக்கும் வருதே, அதுல ஏத்திட்டு வா. அங்கேயிருந்து குடிலுக்கு முக்கால் மணி நேரம்."

"பலகையிலதானே முக்கால் மணி?"

"சரி, ரெண்டரை மணின்னு வச்சுக்கோ. நாளைக்கே கிளம்பி வா. சனிக்கிழமை மத்தியானம் இடி இருக்குன்னு வானிலையில சொல்றாங்க. சனிக்கிழமை முழுக்க அவன் படுத்துக் கிடக்கட்டும்."

எகோன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். தொலைபேசியை வைத்ததும், வரைபடத்தின் ஓரத்தில் எழுதியிருந்த கணக்கை ரப்பரால் அழித்தான். வெள்ளிக்கிழமை என்று எழுதினான். ஜீப்பு என்று எழுதினான். குடில் வரைக்கும் எழுதிவிட்டு, அதற்கு மேல் பென்சில் நகரவில்லை.

"குடில் வரைக்கும் நான் வந்துடுவேன்," என்றான்.

"அதுக்கு மேல?"

அவன் வரைபடத்தை அவள் பக்கம் தள்ளினான்.

இனிச் சிகரம் ஏற வேண்டியவள் தான்தான் என்று ரோஸ்விதாவுக்குப் புரிந்தது. இத்தனை நாளும் அவள் பயந்தது அவனுக்காக. அந்தப் பயத்தை எப்படிச் சுமப்பது என்று அவளுக்குப் பழகியிருந்தது. இது வேறு. சமையலறைத் தரையே ஒரு பக்கம் சரிவதுபோல் இருந்தது.

"எனக்குத் தலை சுத்தும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"பாதிக் கம்பியில உறைஞ்சுபோய் நின்னுட்டேன்னா? முன்னாலயும் போகமுடியாம, பின்னாலயும் வரமுடியாம? பின்னால அறுபது பேர் நிப்பாங்களே!"

"நிக்கட்டும். ஹெட்விக் முன்னால போவா. நீ அவ முதுக மட்டும் பாரு. அகலமான முதுகு, வேற எதுவும் தெரியாது."

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கண்ணீர்தான் வந்தது. "ஏறிட்டாலும் என்ன? பிப்ரவரிக்கு அப்புறம் அவன் பேரை நான் ஒரு தடவைகூடச் சொல்லலை, எகோன். கவனிச்சியா? சொன்னா முடிஞ்சுபோயிடும்னு பயம்."

எகோன் கவனித்திருந்தான். இந்த ஆறு மாதமாக அந்த வீட்டில் அவனும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"இங்க ஒரு தடவை சொல்லிப் பாரு," என்றான் மெதுவாக. "நான் மட்டும்தானே இருக்கேன்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை "கிலியான்" என்று வந்தது. மகனின் பெயர் சமையலறைக்குள் விழுந்து, இருவருக்கும் நடுவே கிடந்தது. எகோன் தலையாட்டினான். வரைபடத்தை எடுத்து, சிகரத்துக்கு நேராக அவள் பெயரை எழுதினான்.

அவள் எழுந்து பையில் சாமான்களை அடுக்க ஆரம்பித்தாள். அவனுடைய மாத்திரைகள், மழைச்சட்டை, கம்பளித் தொப்பி. தொப்பியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எகோன், பள்ளம் எந்தப் பக்கம்?"

"ஏறும்போது இடது பக்கம்."

"அப்ப கம்பிய வலது கையால பிடிக்கணுமா?"

"ரெண்டு கையாலயும் பிடி," என்றான் அவன்.