நடத்தலாம் என்று நான் சொன்ன விழா

எண்பதுகளின் தொடக்கத்தில், ஈப்போவில் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் நான் தோசைக்கடை போட்டிருந்தேன். பள்ளி விடுமுறை வந்தால் அங்கே ஒரு வாரம் சாப்பாட்டுத் திருவிழா நடக்கும். அந்த வருஷம் ஆற்றோரக் கம்பங்களில், அந்த மலாய்க் கிராமங்களில், காலரா பரவியிருந்தது. விழாவை நடத்துவதா, நிறுத்துவதா என்று பேச, பூங்காவின் சீன முதலாளி, தவுக்கே, கடைக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டார்.

நகராண்மைக் கழகத்திலிருந்து சுகாதார அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுவார்.

"என்னைக் கேட்டால், ரெண்டு கிழமைக்குத் தள்ளிப் போடுங்கோ. மூடச் சொல்லி எனக்கு மேலிடத்து உத்தரவு இல்லை. நடத்துறதெண்டால் ஐஸ் கூடவே கூடாது. கொதிக்க வைச்ச தண்ணி மட்டும்தான். எல்லாரும் ஊசி போடவேணும்."

நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் மலாய்க்கார அம்மா, மக்சிக், "நோய் வந்தால் யார் பார்ப்பது?" என்று மலாயில் கேட்டார். தனக்குக் கடை வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

அப்போது நான்தான் எழுந்தேன். "தண்ணிய நல்லா கொதிக்க வச்சா என்னா வரப்போவுது? நடத்தலாம் லா." தயங்கி உட்கார்ந்திருந்தவர்கள் அதற்குப் பிறகுதான் கை தூக்கினார்கள்.

எனக்கு அப்போது கைக்குழந்தை. லாரி ஓட்டப் போகும் கணவர் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே ஆளாக அடுப்படியில் நிற்க முடியாது என்று, காம்பாருக்கு அப்பால் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த அக்காவை அழைத்துவர பஸ் ஏறினேன். தொழிலாளர் லயத்தில், வீட்டு வாசலில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

"வாந்திபேதின்னு சொல்றாங்களே, இப்ப போவணுமா?" என்றார்.

"டவுன்ல அதெல்லாம் இல்ல அத்தான். ஒரு வாரந்தானே," என்றேன்.

அக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு இவ என்னா செய்வா? போய்ட்டு வாரேன்," என்று துணிகளை எடுத்து வைத்தாள்.

நான் முன்பே ஊசி போட்டிருந்தேன். அக்காவுக்குப் போடப் போன அன்று வரிசை நீளமாக இருந்தது. மாவு ஆட்ட வேண்டுமே என்று பாதியிலேயே திரும்பிவிட்டோம். நாளைக்குப் போகலாம் என்றேன். மறுநாள் விழா தொடங்கிவிட்டது.

என்னைவிட அவள்தான் கண்டிப்பாக இருந்தாள். சட்டினிக்குக்கூட கொதித்து ஆறிய தண்ணீரைத்தான் ஊற்றுவாள். சோப்புப் போடாமல் தட்டைத் தொட விடமாட்டாள். முதல் இரண்டு நாள் கூட்டம் இல்லை. மூன்றாம் நாள் நிற்க இடமில்லாமல் போனது. மத்தியான வெயிலில், இரண்டு தோசைக்கல்லுக்கு நடுவே நின்ற அக்காவின் முகம் சிவந்து கிடந்தது. வேலையாட்களுக்காகப் பின்பக்கக் கூடாரத்தில் ஒருவர் கள்ளத்தனமாக ஐஸ் போட்டு சிராப், ரோஜா சர்பத், விற்றுக்கொண்டிருந்தார். நான் போய் ஒரு கிளாஸ் வாங்கி வந்தேன்.

"ஐஸ் வேணாம்னு சொன்னாங்களே," என்றாள்.

"ஒரு கிளாஸ்தானேக்கா."

பாதி அவள் குடித்தாள். மீதியை நான் குடித்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் தனி வார்டில் சேர்த்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடிந்தது. கன்னமும் கண்ணும் குழிந்து, ஒரே நாளில் யாரோ போல ஆகிவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடு என்று கையால் காட்டினாள். மறுநாள் இறந்துபோனாள். அன்று மத்தியானம் விழாவை மூடினார்கள்.

உடலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக அனுமதி கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போனது. லயத்து ஜனங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சுகாதார அதிகாரி விசாரிக்க வந்தபோது சிராப்பையும் மறைக்காமல் சொன்னேன். எழுதிக்கொண்டார். அக்காவின் லயத்தில் அதே வாரம் இன்னும் இரண்டு பேருக்கு நோய் கண்டிருந்ததாம்.

"அந்த லயத்துத் தண்ணியாகவும் இருக்கலாம். தெரியாது, பிள்ளை," என்றார். நான் ஏன் பிழைத்தேன் என்று கேட்டேன். ஊசி பாதிப் பேரைத்தான் காக்கும், அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னார்.

அத்தான் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ கூப்பிட்ட, அவ வந்தா. அவ்ளோதான்," என்றார். நான் மறுபடி கடை போடவில்லை.

காரியத்தன்று அக்காவின் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒன்பது வயது.

"சித்தி, அம்மா அங்க ராட்டினத்துல ஏறுனாங்களா?"

அடுப்பை விட்டு அவள் அசைந்ததே இல்லை.

"ஏறுனாங்கம்மா," என்றேன்.

"பயந்தாங்களா?"

"இல்ல. சிரிச்சாங்க."