நாடியை உயர்த்தினால்

கிரேக்கத்தின் சின்னத் தீவுகளுக்குப் போகும் படகு ஒரு துறையில் பின்கதவை இறக்குகிறது. நாங்கள் இறங்க வேண்டியது ஸ்கினூசாவில். அறிவிப்பு முழுக்கக் கிரேக்க மொழி. படகு கொஞ்ச நேரம்தான் நிற்கும், விட்டால் நாளைக்குத்தான்.

"இறங்குவமா?" என்கிறார் கணவர், பெட்டிகளைப் பிடித்தபடி.

"பொறுங்கோ, நான் கேக்கிறன்."

மெல்பேர்னில் நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கு வருபவர்களில் பாதிப்பேர் கிரேக்கர். 'நே' என்றால் ஓம், அதாவது ஆம் என்று எனக்குத் தெரியும். அது போதும்.

மடியில் கேக் பெட்டியோடு பக்கத்தில் ஒரு அம்மா. வாசலைக் காட்டி "ஸ்கினூசா?" என்கிறேன். அவர் பேசாமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து நாடியை மேலே உயர்த்துகிறார். 'என்ன?' என்கிறார் போல, காது மந்தமாக்கும். சத்தமாகக் கேட்கிறேன். மறுபடியும் நாடி உயர்கிறது. கத்துகிறேன். இந்த முறை புருவமும் சேர்ந்து உயர்கிறது.

"அவவுக்குக் கேக்கேல்ல. வாங்கோ, இறங்குவம்," என்கிறேன் கணவரிடம்.

எழும்பிய என்னை அந்த அம்மா கையைப் பிடித்து இருத்துகிறார். "நோ," என்கிறார் ஆங்கிலத்தில். "மூன்று தரமும் நோ என்றுதானே சொன்னேன்?"

கதவு மூடுகிறது. கணவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடலைப் பார்க்கிறார்.

அடுத்த துறை. வாசலைக் காட்டுகிறேன். அந்த அம்மா தலையை மெல்ல ஒரு பக்கம் சாய்க்கிறார். அச்சொட்டாக எங்கள் ஓம்.

"எதுக்கும் இன்னொருக்காக் கேப்பமா?" என்கிறார் கணவர்.

நான் பேசாமல் நாடியை உயர்த்துகிறேன்.

அவர் அதையே இன்னும் சத்தமாகக் கேட்கிறார்.