பெனடிக் வெட்டிய இரண்டு ஓட்டைகள்

செய்தி வந்தபோது நான் எங்கள் போட்டின் அடியில் மல்லாந்து படுத்துக் கிடந்தேன். முகத்துவாரத்தில் உள்ள படகுத் தளத்தில், மரக்கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருந்தோம். அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பாதி நிலத்தில் விழுந்தது, மீதி என் வாய்க்குள் போனது. போன் அடித்தது. பெனடிக்கின் மனைவி பிலோமினா.

"சிவா அண்ணன், இவர் எழும்புறார் இல்லை."

"படுக்க விடு தங்கச்சி. நேற்று முழுக்க வேலை. இண்டைக்கு நான் பார்த்துக்கொள்ளுறன்."

"இல்லை அண்ணன்," என்றாள். பிறகு அதையே திரும்பச் சொன்னாள். "எழும்புறார் இல்லை."

அதற்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை. தேத்தண்ணி கொண்டுபோய்க் குடுத்துப் பார் என்று புத்தி வேறு சொன்னேன். அவள் பின்னால் யாரோ அழுத சத்தம் கேட்டுத்தான் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கினேன். போட்டின் அடி மண்டையில் இடித்தது. அதற்குப் பக்கத்தில், முந்தின நாள் பின்னேரம் பெனடிக் வெட்டிய ஓட்டை. அதற்கூடாக இயந்திர அறையின் பல்ப் எரிவது தெரிந்தது. அணைக்காமல் போயிருந்தான்.

கொட்டாஞ்சேனைக் கோயிலடியில் அவனைத் தெரியாதவர்கள் குறைவு. திருவிழாவுக்கு ஜெனரேற்றர் பார்த்தவன் அவன். யாரும் கேட்காமலே அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிறகு காரணம் சொல்கிறவனும் அவன்தான். இந்த அஞ்சலியை வாசிக்கிற உங்களில் சிலருடைய மோட்டர் இன்னும் கழற்றினபடி கிடக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் போட்டும் அப்படித்தான் கிடக்கிறது.

அவன் இயந்திரம் படித்தவன். நான் ஓ/எல் சோதனையில் கணக்கில் இரண்டு தரம் விழுந்து, பாமன்கடையில் என் வீட்டில் யாரும் பேச்சுக் கேட்காதபடியால் கடலில் சுக்கான் பிடிக்கப் போனவன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய மோட்டார் யொட், உல்லாசப் படகு அது. பார்வைக்கு மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஓடும்போதும் ஒழுங்காகத்தான் போகும். நிறுத்தினால்தான் அதன் குணம் தெரியும். பக்கத்துக்குப் பக்கம் ஆடத் தொடங்கினால் தொட்டில் தோற்றுவிடும். ஆக்களைக் கடலில் உலாக் கூட்டிப்போகும் எங்கள் தொழிலோ நிறுத்துவதில்தான் இருக்கிறது. சூரியன் விழுவதைப் பார்க்க நிறுத்தவேண்டும், கேக் வெட்ட நிறுத்தவேண்டும். ஒருமுறை வெள்ளவத்தைக் கலியாண வீட்டார் ஒரு கூட்டமாக வந்தார்கள். கேக்கை வெட்டமுன்பே மாப்பிள்ளையின் தகப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துக் கடலுக்கு நிவேதனம் செய்தார். பிறகு பெண் வீட்டார், பிறகு கலியாணப் பொம்பிளை. வீடியோக்காரன் மட்டும் நன்றாக இருந்தான், அதுதான் பெரிய பிழையாய்ப் போனது. அந்த வீடியோ எங்கள் போட்டைவிடத் தூரம் ஓடியது. அதற்குப் பிறகு புக்கிங்குக்கு வந்த போன்களெல்லாம் முதலில் ஒரு கேள்விதான் கேட்டன: "அந்த சத்தி போட்டா?"

ஆட்டத்தை அடக்கும் கருவி ஒன்று பூட்டாவிட்டால் இரண்டு குடும்பமும் முடிந்தது என்று எனக்கே விளங்கியது. ஸ்டெபிலைசர் என்று அதற்குப் பெயர். எந்த அளவில் வாங்குவது என்று முடிவுசெய்ய, போட் ஒரு பக்கம் சரிந்து திரும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கவேண்டும் என்றான் பெனடிக். அமைதியான தண்ணீரில் ஆக்களை ஏற்றி, ஒரே தாளத்தில் இடமும் வலமும் நடக்கவிட்டு, ஆட்டம் பிடித்ததும் எல்லாரும் அசையாமல் நிற்க, போட் தன்பாட்டில் ஆடுவதை அளக்கவேண்டும். அவ்வளவுதான். அதற்கு அவன் கூட்டி வந்தது தன் மாமன் மச்சான்களையும் கோயில் பாடகர் குழுவையும். தாளம் வேண்டும் என்றதும் ஒருவர் ரபான் மேளத்தை எடுத்தார். பைலாப் பாட்டும் ஆட்டமும் தொடங்கின. பெனடிக் "நிப்பாட்டுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று கத்தினான். பைலாவைக் கத்தி நிறுத்தின மனிதன் கொட்டாஞ்சேனையில் இன்னும் பிறக்கவில்லை. அவன் அளந்தது போட்டின் ஆட்டத்தையல்ல, ரபானின் தாளத்தை.

அந்தக் கணக்கைக் கொண்டுதான் கொள்ளுப்பிட்டியில் உள்ள விற்பனைக்காரரிடம் போனோம். அவர் பார்த்துவிட்டு, "இது என்ன நிலைமையில எடுத்தது?" என்று கேட்டார்.

பெனடிக் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னான்: "கடுமையான நிலைமை."

"காற்றா?"

"இல்லை. சொந்தக்காரர்."

திரும்ப அளந்தோம். இந்த முறை நானும் அவனும், கரையிலிருந்து போட்டை ஒரு பக்கம் சரியத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

எதை வாங்குவது என்பது அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பல மாலை நடந்த சண்டை. எனக்கு ஜைரோ பிடித்திருந்தது. போட்டுக்குள்ளே ஒரு பெட்டி, அதற்குள் ஒரு கனத்த சக்கரம் பம்பரம்போலச் சுற்றும், போட்டைச் சரியவிடாது. வெளியில் ஒன்றும் இல்லை, அடியில் கை வைக்கத் தேவையில்லை. பெனடிக் ஒத்துக்கொள்ளவில்லை. "அது வேகம் பிடிக்க ஒரு மணித்தியாலம் போகும். நிற்கிற நேரம் முழுக்க ஜெனரேற்றர் ஓடவேணும். சூரியன் விழுகிறதைப் பார்க்க வாறவன் டீசல் மணத்தையா மணக்கிறது? அதை வைக்க என்ர என்ஜின் ரூமில இடம் எங்க? உன்ர மடியில வைக்கிறதோ?" அவனுக்குச் செட்டைதான் சரி. போட்டின் இரண்டு பக்கமும் தண்ணீருக்கு அடியில் மீனுக்கு இருக்கிற மாதிரி ஒவ்வொரு செட்டை, போட் சரியும் பக்கத்துக்கு எதிராக அடித்துக்கொடுக்கும். நிற்கும்போதும் அடிக்கும் வகை.

"அதுக்கு அடியில ஓட்டை போடவேணுமே மச்சான்," என்றேன்.

"இரண்டு ஓட்டை."

"தண்ணி வராதா?"

"நீ சாப்பிடுற வாயும் ஓட்டைதான். மூடத் தெரிஞ்சால் சரி."

பிலோமினா கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணனுக்கு அதுதான் தெரியாதே." அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

வலப்பக்க ஓட்டையை வெட்டிய காலையை எழுதாமல் விடமுடியாது. உள்ளேயிருந்து அளந்தான், வெளியேயிருந்து அளந்தான், திரும்ப உள்ளே போனான். ஊசிமாதிரித் துரப்பணத்தால் முதலில் ஒரு சின்னத் துளை போட்டான். ஊசி எங்கே வெளிவருகிறது என்று பார்க்க என்னை உள்ளே அனுப்பியிருந்தான்.

"வந்துட்டுதா?"

"வந்துட்டுது."

"எங்க?"

"நீ சொன்ன இடத்தில."

நம்பவில்லை. ஏணியில் ஏறி வந்து தானே குனிந்து பார்த்தான். பிறகு கீழே போய், பெரிய வட்ட வாளைக் கையில் எடுத்தவன், கவிழ்த்து வைத்த வாளியில் குந்திவிட்டான். கை நடுங்கியது. இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

"என்ன மச்சான், கை ஆடுது?"

"நல்ல போட்டில ஓட்டை போடப்போறன். ஆடாட்டித்தான் பிரச்சினை."

"அப்ப விடுவமே?"

"விசரா. பயம் இருக்கிறபடியால்தானே திரும்பத் திரும்ப அளந்தனான். பயமில்லாதவனை என்ர போட்டுக்குக் கிட்ட விடாத."

எழுந்து வெட்டினான். பிறகு அந்த ஓட்டையைச் சுற்றி உள்ளே ஃபைபரை அடுக்கடுக்காக ஒட்டிக் கனமான இருக்கை கட்டி, போட்டின் விலா எலும்புகளோடு சேர்த்து இறுக்கினான். செட்டையின் தண்டு அதில்தான் நிற்கும். கடல் அடிக்கிற அடியெல்லாம் அந்த இருக்கைக்குத்தான் வரும். வலப்பக்கம் முடிந்தது. இடப்பக்கம் வெட்டினான், அவ்வளவுதான். இருக்கை கட்டவில்லை. அன்று இரவு நெஞ்சுவலி அவனைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கத்துக்குப் பிறகு மழை பிடித்தது. இடப்பக்க ஓட்டையில் பொலித்தீனைக் கட்டிவிட்டு அதன் கீழே நின்றேன். விற்பனைக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், வந்து பார்த்தார். "ஒருத்தர் வெட்டின ஓட்டைக்கு எங்கட ஆக்கள் பொறுப்பெடுக்க மாட்டினம். அவர் என்ன யோசிச்சு வெட்டினார் எண்டு எங்களுக்குத் தெரியாதே," என்றார். எனக்கு மட்டும் தெரியுமா? வீட்டில் என் மகன் கேட்டான், "அப்பா, இனி என்ன செய்யப் போறீங்கள்?" வழக்கமாக ஏதாவது பகிடி சொல்லித் தப்பிவிடுவேன். அன்று, "தெரியாது" என்று நேராகச் சொன்னேன். பிள்ளை பயந்துவிட்டான்.

போட்டை வாங்க ஒருவர் கேட்டு வந்தார். ஓட்டை இரண்டையும் அடைத்துத் தந்தால் எடுக்கிறேன் என்றார். பிலோமினாவிடம் சொன்னேன். "அடைச்சுக் குடுத்துவிடுங்கோ அண்ணன். எனக்கு அதைப் பார்க்கேலாது," என்றாள். அவள் சொன்னது நியாயம். அடைத்துவிட்டால் கையில் ஏதாவது மிஞ்சும், அது முடிந்த பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. அடைக்காவிட்டால், இருக்கை கட்டத் தெரியாத ஒருவன் கட்டி, கடலில் அது பிய்ந்தால், போட்டோடு ஆக்களும் போவார்கள். அந்த ஒருவன் நான்.

போன கிழமை, அடைப்பதற்கு முதல் ஒருதரம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அவளே தளத்துக்கு வந்தாள். குனிந்து அடியில் போய், பொலித்தீனை விலக்கி, ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். தளத்து மேற்பார்வையாளர் சிங்களவர், பெனடிக்கோடு தினமும் சண்டை போட்டவர். அவரிடம் சிங்களத்தில் கேட்டாள், அடைத்தால் வெளியே தெரியுமா என்று. நல்ல வேலைக்காரர், தன் வேலையைக் குறைத்துச் சொல்லத் தெரியாது. "ஒன்றும் தெரியாது நோனா. மட்டம் பிடிச்சுப் பெயின்ட் அடிச்சால், இங்க ஓட்டை இருந்தது எண்டு யாரும் சொல்லமாட்டாங்க."

அவள் விரலை எடுக்கவில்லை.

"அப்ப அடைக்க வேண்டாம் அண்ணன்."

"தங்கச்சி, எனக்குக் கட்டத் தெரியாது."

"வலப்பக்கம் இருக்குத்தானே. அதைப் பார்த்துக் கட்டுங்கோ."

வாங்க வந்தவரிடம் இல்லையென்று சொல்லிவிட்டோம். மேற்பார்வையாளர் கூட நின்று உதவுவதாகச் சொல்லியிருக்கிறார். சரிவருமா என்று எனக்குத் தெரியாது. சரிவரும் என்று எழுதினால் பெனடிக் எழும்பி வந்து அடிப்பான். இதைத் தட்டச்சுச் செய்த என் மகள், "அப்பா, இது அஞ்சலியா, போட்டின் மெடிக்கல் ரிப்போர்ட்டா?" என்று கேட்டாள். எனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது, மகள்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வரும் நீங்கள் அவனிடமிருந்து எதையெதை வைத்திருக்கிறீர்களோ தெரியாது. பாட்டு, சண்டை, கழற்றின மோட்டர். எனக்குக் கிடைத்தது அவனுடைய பயம். நேற்று இடப்பக்கத்தில் முதல் ஃபைபர் அடுக்கை ஒட்டப் போனேன். ஒட்டாமல் இறங்கி வலப்பக்கம் போய் அளந்தேன். திரும்ப இடப்பக்கம் வந்து அளந்தேன். சரியாகத்தான் இருந்தது. நம்பாமல் இன்னொரு தரம் போனேன்.