ஒண்ணில்ல... ரெண்டில்ல...

நான் கதை கட்டுகிறவள் இல்லை. இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில், இருபத்தொன்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுத்தவள். ஒரு எண் தப்பினாலும் எனக்குத் தூக்கம் வராது. 1945 நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை இரவு நான் எண்ணியது தப்பவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போலந்தின் தெற்கு மூலையில் ஒரு பழைய வீடு. யுத்தத்தில் தப்பிய எங்கள் யூதப் பிள்ளைகள் பதினேழு பேரை அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு பேருக்கும் சேர்த்து ஒரு தாயோ தகப்பனோ மிச்சமில்லை. யுத்தம் முடிந்து ஆறு மாதமாகியும் எங்கள் ஜன்னலில் ஊர்க்காரர்கள் எறியும் கல் விழுவது நிற்கவில்லை. அக்டோபர் கடைசியில் கல்லுக்குப் பதிலாகத் துப்பாக்கிக் குண்டு வந்தது. இனி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது என்று முடிவானது. மலைக்காட்டைத் தாண்டினால் செக் நாடு. அங்கே எங்களுக்காக ஒரு லாரி மூன்று மணி வரை நிற்கும். அதற்குமேல் நிற்காது.

வழிகாட்ட ஸிஷே வந்தான். எங்கள் ஆள்தான். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவன், வாய் ஓயாதவன்.

"டீச்சரம்மா, எத்தனை உருப்படி?"

நான் முற்றத்தில் நின்ற பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணப் போனேன். டோபா ஓடிவந்து என் விரலை மடக்கினாள். பதினோரு வயசுப் பெண். நாஜிகளின் வதைமுகாமில் இருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள்.

"அப்படி எண்ணாதீங்கக்கா. 'இல்ல' போட்டு எண்ணுங்க."

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். மனிதர்களை ஒன்று, இரண்டு என்று நேராக எண்ணக் கூடாது. எண்ணினால் மரண தூதன் காதில் விழுமாம். அதனால் ஒண்ணில்ல, ரெண்டில்ல, மூணில்ல என்று எண்ணி அவனை ஏமாற்றுவார்கள். எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வரும். வீடு வீடாக வாரிக் கொடுத்தாயிற்று, இன்னும் யாரை ஏமாற்றுவது?

"பேரு மட்டும் ஃப்ரூமா!" என்று ஸிஷே சிரித்தான். ஃப்ரூமா என்றால் பக்தி உள்ளவள். எனக்குப் பெயரில் மட்டும்தான் பக்தி.

டோபாவே எண்ணினாள். பதினேழில்ல. சரி.

இரவு 10.20க்குக் கிளம்பினோம். நிலவு இல்லை. சத்தம் வராமல் இருக்க ஒவ்வொரு பிள்ளையின் காலணியிலும் சாக்குத் துணியை நானே சுற்றிக் கட்டியிருந்தேன். ஒவ்வொரு தலையிலும் ஒரு கம்பளித் தொப்பி. ஆறு வயது லெமெல் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கழற்றி எறிவான். அவனுக்கு இரண்டு முறை மாட்டிவிட்டு, நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டேன்.

11.40. இடிந்த ஒரு மாவு மில்லில் மூச்சு வாங்க நின்றோம். கும்மிருட்டு. தலைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினேன். அவசரத்தில் டோபா சொன்னதெல்லாம் மறந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண்ணாகவே எண்ணினேன்.

பதினாறு... பதினேழு...

பதினெட்டு.

கடைசித் தலையில் தொப்பி இல்லை. ஒட்ட வெட்டிய முடி. அறுத்த வயலில் நிற்கும் தாள் போலக் குத்தியது. சில்லென்று இருந்தது.

"லெமெல், தொப்பி எங்கடா?"



"என்னாச்சு?" என்றான் ஸிஷே.

"பதினெட்டு வருது."

"டீச்சரம்மாவுக்கு எண்ணத் தெரியலையே! நல்ல டீச்சர்." அவன் சிரித்தான். "குறைஞ்சா சொல்லுங்க. கூடினா பரவாயில்ல. நடங்க."

எனக்குக் கோபம் வந்தது. என்மீதுதான். இருட்டில் ஒரு தலையை இரண்டு முறை தொட்டிருப்பேன் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு பாதை குறுகியது. ஓடையைத் தாண்ட வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிவிட என்னை முன்னால் கூப்பிட்டான் ஸிஷே. வரிசையின் வாலில் டோபாவை நிறுத்தினேன். லெமெலின் கையை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"விடாதே."

"விட மாட்டேன்க்கா."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டொக்...

பின்னால் எங்கோ. கல்லில் கட்டை படுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. ஓர் அடி வைக்கும் நேரம் கழித்து, மறுபடி...

டொக்...

எல்லாக் காலிலும் சாக்கு கட்டியிருக்கிறேன். நானே கட்டினேன்.

ஸிஷேயிடம் சொல்லவில்லை. மறுபடியும் சிரிப்பான்.

2.15. எல்லைக்கு முன் கடைசி மேடு. கீழே லாரியின் விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. இந்த முறை ஸிஷேயே தலைகளைத் தொட்டு எண்ணினான். வெறும் எண்.

"பதினேழு. கச்சிதம். இறங்குங்க."

என் நெஞ்சின் பாரம் இறங்கியது. சரியாக இருக்கிறது. நான்தான் முட்டாள்.

யாரோ என் கோட்டை இழுத்தார்கள். டோபா. வலது கையால் இழுத்தாள். இடது கை பக்கவாட்டில் நீண்டிருந்தது. எதையோ பிடித்தபடி. அவள் இடது பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா... 'இல்ல' போட்டு எண்ணுங்க."

"நேரமில்லடீ."

"எண்ணுங்கக்கா..."

அந்தக் குரலைக் கேட்டு எண்ணினேன்.

ஒண்ணில்ல... ரெண்டில்ல...

பதினாறில்ல.

அதோடு முடிந்துவிட்டது. என் கை வெறும் காற்றில் நின்றது.

மில்லில் ஒன்று கூடுதல். இப்போது சரியாக இருக்கிறது. அப்படியென்றால்...

பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள்.

"லெமெல்?"

...

"லெமெல்?"

"என் கையைப் புடிச்சிட்டுத்தான்க்கா இருந்தான்," என்றாள் டோபா. அழுதுவிட்டாள். "இப்பவும் புடிச்சிட்டுத்தான் இருக்கு..."

அவள் இடது பக்கம் யாரும் இல்லை.

ஸிஷே என் தோளைப் பிடித்தான். "நாப்பத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு. ஒருத்தனுக்காகப் பதினாறு பேரை..."

"நீ இறங்கு. நான் வரேன்."

"ஃப்ரூமா!"

திரும்பி ஓடினேன்.

காடு. இருட்டு. பெயர் சொல்லிக் கத்த முடியாது. காவல்காரர்கள் இருப்பார்கள். மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன்.

2.40. ஓடைக்கரையில் ஒரு மரத்தடி. உட்கார்ந்திருந்தான்.

உயிரோடு.

வாரி அணைத்தேன். தொப்பி தலையிலேயே இருந்தது. நான் கட்டிய முடிச்சுகூட அவிழவில்லை.

"ஏன்டா கையை விட்டே?"

"ஒண்ணுக்கு வந்துச்சு. ஒரு அக்கா வந்தாங்க. நீ இங்கயே இருன்னாங்க."

"எந்த அக்கா?"

"மொட்டை அக்கா. எண்ணிக்கை குறைஞ்சா எல்லாருக்கும் அடி விழுமாம். உன் எடத்துல நான் போய் நிக்கிறேன்னாங்க."

லெமெல் முகாமையே பார்த்ததில்லை. மூன்று வருடமும் ஒரு குடியானவன் வீட்டு வைக்கோல் பரணில் ஒளிந்திருந்தவன். விடியற்காலையில் பனியில் வரிசையாக நிறுத்தி எண்ணுவதும், ஓர் ஆள் குறைந்தால் மிச்சப் பேரை அடித்து நொறுக்குவதும் அவனுக்கு யார் சொன்னது?

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். பின்னால் திரும்பவில்லை.

3.25. லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்னால் பாதையின் குறுக்கே ஸிஷே படுத்துக் கிடந்தான். டிரைவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஸிஷே எழுந்தான். சிரிக்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி ஏற்றினான். அவன் உதடு அசைந்தது.

"ஒண்ணில்ல... ரெண்டில்ல..."

பதினேழில்ல. லாரி கிளம்பியது.

பதினெட்டு வருடம் கழித்து, ஹைஃபாவில் லெமெலின் கல்யாணம். டோபா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். அந்த இரவைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை கண்ணாடி டம்ளரை மிதித்து உடைத்தான். எல்லோரும் வாழ்த்திக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அவளாகவே சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஒரு அக்கா இருந்தா. ஷிஃப்ரா. பதிமூணு வயசு. முகாம்ல ஒரு நாள் ராத்திரி செத்துட்டா. காலையில எண்ணிக்கை குறையக் கூடாதேன்னு அவளைத் தூக்கிட்டுப் போய் வரிசையில நிறுத்தினோம். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் நான். ரெண்டு மணி நேரம் என் இடது கையில அவ கையைப் புடிச்சிட்டு நின்னேன். எண்ணிக்கை சரியா வந்துது."

நான் அவள் கையைப் பிடித்தேன்.

"அது பாவமில்லக்கா. அதுக்கப்புறம் நான் பண்ணதுதான் பாவம். எனக்குச் செருப்பே இல்ல. அவ போட்டிருந்த கட்டைச் செருப்பைக் கழட்டினேன். ஒண்ணுதான் வந்துது. இன்னொண்ணு கால்ல ஒட்டி உறைஞ்சு போயிருந்துச்சு. அப்படியே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

காட்டில் கேட்ட அந்தச் சத்தத்தைப் பற்றி நான் டோபாவிடம் அதுவரை சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஓர் அடி, டொக்... அடுத்த அடியில் சத்தமே இல்லை.